பக்கத்து வீட்டு மாடி அறை

முடிவில் தீர்ப்புச் சொல்லப் போவது நீங்கள்தான். அதனால் பொறுமையாகக் கேளுங்கள்.

கோவில்பட்டியில் சண்முகவடிவு என்று ஒருத்தி இருந்தாள். அவள் கணவர் வேலாயுதத்துக்குப் பக்கவாதம் வந்து நடமாட்டம் நின்றுபோயிருந்தது. பக்கத்து வீட்டுத் தாழ்ந்த மொட்டைமாடிக்கு மேலாக வரும் காலை வெயில் ஜன்னல் வழியே அவர் கட்டிலில் விழும். அந்தக் கொஞ்ச நேரம்தான் அவர் முகம் தெளிந்திருக்கும்.

பக்கத்து வீட்டுக்காரர் ஞானமுத்து தீப்பெட்டி ஆலையில் மேஸ்திரி. சாயங்காலம் வேலை முடிந்ததும் வேலாயுதத்தின் கட்டிலருகே வந்து உட்கார்ந்து ஊர்க்கதை பேசிவிட்டுப் போவார்.

ஒரு நாள் அவர் வீட்டு வாசலில் செங்கல் இறங்கியது. மாடியில் சுவர் எழும்பத் தொடங்கியது. வடிவு மதிலோரம் நின்று கேட்டாள்.

"என்ன அண்ணாச்சி, மாடி எடுக்கிறீங்களா?"

"பெரிசா ஒண்ணுமில்ல மதினி. சாமான் போட்டு வைக்க ஒரு ரூம்."

சொன்னவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அதுவே அவளை உறுத்தியது. நகராட்சிக்குப் போய் விசாரித்தாள். வரைபடத்தைக் காட்டினார்கள். படுக்கையறை, சின்னதாய் ஒரு சமையலறை, குளியலறை, தெருவிலிருந்து தனிப் படிக்கட்டு. பக்கவாட்டில் போதிய இடம் விடாததால் திருத்திக் கொண்டுவரச் சொல்லியிருப்பதாகவும், அனுமதி இன்னும் கொடுக்கவில்லை என்றும் சொன்னார்கள்.

வாடகைக்கு விடத்தான் கட்டுகிறார், நம்மிடம் பொய் சொல்லியிருக்கிறார் என்று வடிவு முடிவு கட்டினாள். வீட்டுக்கு வந்து கணவரிடம் கொட்டினாள்.

"நாளைக்கே புகார் கொடுக்கப் போறேன்."

"வேண்டாம் வடிவு. வெளிச்சம் போனா போகட்டும். விட்டுடு."

"எதுக்கு விடணும்? உங்களுக்குன்னு இருக்கிறதே அந்த வெயில் ஒண்ணுதான்."

வேலாயுதம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். அவருடைய நல்ல மனசு அப்படிப் பேசுகிறது என்று நினைத்த வடிவு, மறுநாள் புகாரைக் கொடுத்துவிட்டாள்.

அதிகாரிகள் வந்து வேலையை நிறுத்தினார்கள். ஞானமுத்து வரைபடத்தைத் திருத்திக் கொடுத்துவிட்டு அலைந்தார். மழைக்காலம் வந்தது, பாதிச் சுவர்கள் நனைந்து கறுத்தன. பிறகு ஒரு நாள் வந்து வேலாயுதத்தின் அருகே உட்கார்ந்தார். அடுக்களையில் இருந்த வடிவின் காதில் அவர் பேச்சு விழுந்தது.

"அனுமதி வந்திட்டுது அண்ணாச்சி. ஆனா இனி அந்த ரூம் வேண்டாம். செல்வராணி திரும்ப அந்த வீட்டுக்கே போயிட்டா."

அவர் போனதும் வடிவு கணவரைக் கேட்டாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். ஞானமுத்துவின் மகள் செல்வராணி, புருஷனின் அடி தாங்காமல் வெளியேறி, தூத்துக்குடியில் ஒரு தோழி வீட்டில் தங்கியிருந்தாள். தன் தம்பி குடும்பமும் நெருக்கியடித்து வாழும் அப்பா வீட்டில் இடைஞ்சலாக வந்து நிற்கமாட்டேன், தனியாக ஓர் அறை இருந்தால் வருகிறேன் என்றாள். அதற்காகத்தான் அந்தத் தகப்பன் அனுமதிக்குக்கூடக் காத்திராமல் சுவரெழுப்பினார். ஊர் வாயில் மகள் விழக்கூடாது என்று வேலாயுதத்திடம் மட்டும் சொல்லி, வடிவிடம்கூடச் சொல்வதில்லை என்று சத்தியம் வாங்கியிருந்தார். வேலை நின்றது. தோழி வீட்டில் எத்தனை நாள் தங்குவது? புருஷன் வீட்டார் வந்து சமாதானம் பேச, செல்வராணி அவர்களோடு போய்விட்டாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று வடிவு அழுதாள்.

"சத்தியம் பண்ணிட்டேனே" என்றார் அவர்.

அனுமதியில்லாமல் கட்டிக்கொண்டு உண்மையை மறைத்த தகப்பன், புகார் கொடுத்த வடிவு, சொன்ன சொல்லைக் காத்த வேலாயுதம். இம்மூவரில் யார் செய்த பிழை பெரிது?

விடை: வேலாயுதம் செய்ததே. ஞானமுத்துவுக்குப் புகார் வரப்போவது தெரியாது. வடிவுக்குச் செல்வராணி கதை தெரியாது. இரண்டும் தெரிந்தவர் வேலாயுதம் ஒருவரே. மனைவியிடம் சொல்லத்தான் சத்தியம் தடுத்தது. ஞானமுத்துவைக் கூப்பிட்டு, "வடிவு நகராட்சிக்குப் போகப் போறா, நீயே அவகிட்ட சொல்லிடு" என்பதற்கு எந்தத் தடையும் இல்லை. வடிவு மட்டும் இந்த விடையை ஏற்பதில்லை. "பொய் சொல்றாரேன்னு கோபம் வந்துது. எதுக்குப் பொய் சொல்றாருன்னு யோசிக்கத் தோணலையே" என்கிறாள். செல்வராணியிடமிருந்து இன்றுவரை ஒரு போன் இல்லை.