சும்மா கிடந்த சர்வர்கள்

ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கம்பெனி. அதன் சர்வர் கம்ப்யூட்டர்கள் எல்லாம் சொந்தக் கட்டடத்திலேயே இருந்தன. ஒவ்வொரு பிரிவும் தேவைக்கு மேலே சர்வர் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளும். விட்டுக்கொடுத்தால் மறுபடி கிடைக்காது என்று பயம்.

தீபாவளி நெருங்கியது. ஆன்லைன் கடைக்குச் சர்வர் போதவில்லை. மேனேஜர் குழந்தைவேலு, ஒப்பந்தத்தில் வேலை பார்த்த அஞ்சுகத்தைக் கூப்பிட்டார்.

"புதுசா ஒண்ணும் வாங்க மாட்டேன். ஆனா கடை நிக்கக் கூடாது. நின்னா, ஒப்பந்த ஆளுங்க அத்தனை பேரும் வீட்டுக்குப் போயிடுங்க."

அஞ்சுகம் சர்வர் பட்டியலைத் திரையில் திறந்தாள். "சும்மா கிடக்கிற சர்வரைத் தானா எடுத்துக் கடைக்குக் குடுக்கிற மாதிரி புரோகிராம் எழுதிடறனுங்க சார். யாரோடதை எடுக்காம விட்டுடணும்?"

முதலாளி பக்கத்தில் இருந்தார். மேனேஜர் நெஞ்சை நிமிர்த்தினார். "யாரோடதையும் விடாதே!"

புரோகிராம் ஓடியது. கடை நிற்கவில்லை. அதிகம் பதுக்கிய பிரிவு எதுவென்று திரையில் வந்தது. அது மேனேஜருடையது.

"அவசரத்துக்கு வச்சிருந்தனுங்க," என்று அவர் முனகினார்.

முதலாளி சிரிக்கவில்லை. "ஏம்மா, சும்மா இருக்கிற ஆளுங்களை வேலையை விட்டு எடுக்கவும் இப்படி ஒண்ணு எழுதேன்."

ஒப்பந்த ஆட்கள் எல்லாரும் அஞ்சுகத்தைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"எழுதிடலாங்க ஐயா. ஆனா அதுக்கு மேனேஜரும் தெரியாது, முதலாளியும் தெரியாது. யார் சும்மா இருக்காங்கன்னு மட்டும்தான் பார்க்கும்."

முதலாளி எழுந்து போனார். அந்தப் பேச்சை அப்புறம் எடுக்கவேயில்லை. ஆனாலும் அன்றைக்கு டீ குடிக்க ஒருத்தரும் சீட்டை விட்டு எழுந்திருக்கவில்லை.