வேரடிச் சருகு

கோபப்படாமல் இருப்பதுதான் ஞானம் என்றால் எருமை எப்போதோ மடாதிபதி ஆகியிருக்கும். அங்கமுத்துவுக்குக் கோபம் வரும். காலமெல்லாம் லாரி ஓட்டிய மனுஷர், வேறெப்படி இருப்பார்? தலை நரைத்த பிறகு ஸ்டியரிங்கை விட்டுவிட்டு மலையடிவாரத்து மடத்துக்கு வந்து சேர்ந்தார். அங்கே குருவாக வாய்த்தவர் மங்கையர்க்கரசி அம்மை. அங்கமுத்துவுக்கு மகள் வயதுதான் இருக்கும்.

அம்மை அவரிடம் ஒப்படைத்தது ரோஜாத் தோட்டத்தை. குருபூசை மாலைக்கு அந்தப் பூதான் போக வேண்டும். அந்த வருஷம் பார்த்து இலையெல்லாம் கரும்புள்ளி விழுந்து, மஞ்சளாகிக் கொட்ட ஆரம்பித்தது. பூச்சி என்று வேப்பெண்ணெய் அடித்தார். கண்ணேறு என்று படிகாரம் கட்டினார். கடைசியில் கடைக்காரர் சொல்லிப் பூஞ்சை மருந்து அடித்தார். அதற்குக் கொஞ்சம் கேட்டது, துளிர்கூட வந்தது. மழை பெய்ததும் பழைய குருடி கதவைத் திறடி என்று மறுபடி அதே புள்ளி.

இதற்கிடையில் ஊர்க்காரர் ஒருவர் சேதி கொண்டுவந்தார். குருபூசைக்கு அங்கமுத்துவின் தம்பி சோலையப்பன் வருகிறானாம். அப்பா செத்தபோது அங்கமுத்து நாக்பூரிலிருந்து லாரியில் வந்துகொண்டிருந்தார். மூத்தவன் வந்து சேருமுன்னே இளையவன் கொள்ளி வைத்துவிட்டான். அன்றோடு பேச்சு நின்றது. இப்போது தம்பிக்கு உடம்பு சரியில்லை, இந்தத் தடவை விட்டால் இன்னொரு தடவை உண்டோ இல்லையோ. வருகிறவனிடம் வாயைத் திறந்து எதையாவது கொட்டிவிட்டால் ஜென்மத்துக்கும் தீராது. அந்தப் பயத்தோடு விடிந்ததும் அம்மையிடம் போய் நின்றார்.

"மன்னிச்சுட்டேன் தாயே. சத்தியமா மன்னிச்சுட்டேன். ஆனா கோபம் மறுபடி மறுபடி கிளம்பி வருதே, என்ன செய்ய?"

அம்மை ரோஜாவைப் பார்த்துவிட்டு வரலாம் என்று நடந்தார். பேச்சை மாற்றுகிறார் என்று அங்கமுத்துவுக்கு மனசுக்குள் வருத்தம்தான்.

அம்மை ஓர் இலையைக் கிள்ளி, திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் பூச்சி இல்லை, கடித்த ஓட்டையும் இல்லை. வட்டமாக, ஓரம் பிசிறிய கரும்புள்ளி, சுற்றிலும் மஞ்சள். பூஞ்சைதான், சந்தேகமே வேண்டாம் என்றார். எந்த இலையில் முதலில் வருகிறது என்று கேட்டார். அடி இலையில் வந்து மேலே ஏறுகிறது என்றார் அங்கமுத்து.

"அப்போ எங்கேயிருந்து வருது?"

அங்கமுத்து வானத்தைப் பார்த்தார். நமக்கெல்லாம் உள்ள பழக்கம்தானே.

அம்மை அவர் தோளிலிருந்த வெள்ளைத் துண்டை வாங்கி, செடியின் அடிக்கிளையில் தொங்கவிட்டார். தினமும் ஊற்றுகிறபடியே ஊற்றச் சொன்னார். அங்கமுத்து செடிக்குத் தண்ணீர் விடுவது அபிஷேகம் மாதிரி, குடத்தைத் தூக்கி உச்சியிலிருந்து. ஊற்றினார். தரையில் விழுந்த தண்ணீர் தெறித்துத் துண்டு முழுக்கக் கறுப்புக் கறுப்பாகப் புள்ளி.

அம்மை குனிந்து வேரடியைக் கையால் விலக்கினார். அடுக்கடுக்காகப் புள்ளி விழுந்த சருகு. இதை யார் வைத்தது என்று கேட்டார். நான்தான் என்று அங்கமுத்து கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். சாமிக்கென்று நட்ட செடி, அதன் இலை யார் காலிலும் மிதிபடக் கூடாதாம். ஒவ்வொன்றாகப் பொறுக்கி அந்தந்தச் செடியின் காலடியிலேயே பத்திரப்படுத்தி வந்திருக்கிறார்.

"செடி வேண்டாம்னு உதிர்த்தது. நீங்க அதையே திரும்பத் திரும்ப எடுத்துக் கொடுத்துக்கிட்டு இருக்கீங்க."

அங்கமுத்துவின் முகம் சுருங்கிவிட்டது. சாமி இலையைக் கொளுத்துவது பாவமில்லையா என்று இழுத்தார். மடத்து அடுப்பில் போடுங்கள், சாமிக்கே பொங்கல் வேகட்டும் என்று அம்மை சிரித்தார். இனிமேல் காலையில், வேரில் மட்டும் தண்ணீர். நோய் கண்ட இலையை வெட்டினால், அடுத்த செடிக்குப் போகுமுன் கத்தரியைத் துடைக்க வேண்டும். பிறகு மருந்து அடித்தால் நிற்கும் என்றார்.

கூடை கூடையாகச் சருகு அடுப்புக்குப் போனது. பொங்கலும் வெந்தது. அங்கமுத்து அடுப்பங்கரையில் வந்து உட்கார்ந்தார்.

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லலையே தாயே."

"தம்பியை எப்போ மன்னிச்சீங்க?"

"தினமும்தான். காலையில விளக்கு ஏத்தினதும் முதல் வேலையே அதுதான்."

"என்ன சொல்லி மன்னிப்பீங்க?"

"மூத்தவன் வந்துக்கிட்டு இருக்கான்னு தெரிஞ்சும் நீ கொள்ளி வெச்சியேடா, அப்பா முகத்தைக்கூடப் பார்க்க விடலையேடா, போ, மன்னிச்சேன். இப்படித்தான், ஒண்ணு விடாம முழுசா..."

சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். மடியில் அந்தப் புள்ளி விழுந்த துண்டு கிடந்தது.

அம்மை காலிக் கூடையை அவர் பக்கம் நகர்த்தினார்.

"அடுப்பு இன்னும் அணையல அங்கமுத்தய்யா. மிச்சத்தையும் கொண்டாங்க."