இரண்டு ஏடுகளுக்கு நடுவே

முன்னொரு காலத்தில் ஒரு ராஜ்யம் இருந்தது. பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், அதனால் விட்டுவிடுகிறேன். அதை ஆண்ட மகாராஜா கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஆனால் அவருக்குக் காலையில் ஒரு யோசனை வந்துவிட்டால் சாயங்காலத்துக்குள் அது சட்டமாகிவிடும். மறுநாள் ஊரே தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

அரண்மனைக்குப் பக்கத்தில் அவர் பெரிய வைத்தியசாலை ஒன்று கட்டியிருந்தார். குடும்பத்துக்கு ஓர் ஓலை ஏடு. ஏட்டின் தலையில் குடும்பத் தலைவன் பெயர், அதற்குக் கீழே பெண்டாட்டி பிள்ளைகள் பெயர். வருஷத்துக்கு ஒரு மரக்கால் நெல் கொடுத்துப் பெயர் எழுதிக்கொண்டால் வருஷம் முழுக்க வைத்தியம் சும்மா. நல்ல ஏற்பாடுதானே? ஆனால் நம் ஜனங்கள் லேசுப்பட்டவர்களா! உடம்பு நன்றாக இருக்கும்வரை ஒருத்தரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. காய்ச்சல் வந்த அன்றைக்குத்தான் மரக்காலைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள்.

மகாராஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "தை மாதம் முதல் பத்து நாள்தான் பெயர் எழுதும் வாசல் திறந்திருக்கும். அதற்குப் பிறகு அடுத்த தை வரை கதவு சாத்தியே கிடக்கட்டும். ஏட்டில் பெயர் இல்லாதவர் நாடியைத் தொடும் வைத்தியருக்குப் பதவி போகும்" என்று தண்டோரா போடச் சொன்னார். சும்மா சொல்லக்கூடாது, அடுத்த தையில் ஊர் முழுக்க வரிசையில் நின்று எழுதிக்கொண்டது. மகாராஜாவே தன் குடும்ப ஏட்டை முதலில் எழுதச் சொன்னார். அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தச் சபையில் சொக்கப்பன் என்று ஒரு விகடன் இருந்தான். மகாராஜா சிடுசிடுக்கும்போது சிரிக்க வைப்பது அவன் வேலை. ஆடி பிறந்து பத்து நாளிருக்கும், ஒரு காலையில் அவன் வீட்டு வாசலில் நிறைமாதத்தை நெருங்கிய பெண் ஒருத்தி வந்து நின்றாள்.

"அண்ணே, என் பேரு செவந்தி. யானைக் கொட்டாரத்துல இருந்த வீரணன் பொஞ்சாதி."

சொக்கப்பனுக்கு வீரணனைத் தெரியும். யானைக்குத் தழை வெட்டப் போன இடத்தில் பாம்பு கடித்து அவன் இறந்து பதினேழு நாள்தான் ஆகிறது. அவளுக்கு என்ன ஆறுதல் சொல்வதென்று சொக்கப்பனுக்குத் தெரியவில்லை. அவளோ ஆறுதலுக்கு வரவில்லை.

"தையில நானும் அவுகளும் ஒண்ணாப் போயித்தான் பேரு எழுதினோம். நேத்துப் போனா, உன் பேரு இல்லேங்கிறாக. எப்படிண்ணே இல்லாமப் போகும்?"

போனது இப்படித்தான். குடும்பத் தலைவன் இறந்தால் பதினாறாம் நாள் அவன் ஏட்டைக் கட்டிலிருந்து உருவி ஆற்றில் விடுவது அந்த ராஜ்யத்து வழக்கம். ஏட்டு அதிகாரி பரமானந்தர் நல்ல வேளை பார்த்து, மடியாக நின்று, மந்திரம் சொல்லித்தான் விட்டார். தலையில் இருந்த பெயரைப் பார்த்தாரே தவிர, கீழே இருந்த பெயரை அவர் படிக்கவில்லை. இத்தனை வருஷமாக எவரும் படித்ததில்லை.

"எங்கூரு மருத்துவச்சி புள்ள குறுக்க கிடக்குதுங்கிறா. முன்ன ரெண்டும் இப்படித்தான் கிடந்து செத்துப் பொறந்துச்சு. வைத்தியசாலையில பிரசவம் பாக்குற பெரியம்மா கை வச்சாத்தான் நாங்க ரெண்டு பேரும் தங்குவமாம். தை வரைக்கும் நான் காத்திருப்பேண்ணே, எனக்கென்ன?" செவந்தி வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். "இது காத்திருக்குமா?"

சொக்கப்பன் அன்றைக்குச் சபையில் ஒரு வேடிக்கையும் செய்யவில்லை. நடந்ததை அப்படியே சொன்னான். மகாராஜா முகம் வாடியது.

"பரிதாபமாகத்தான் இருக்கிறது, சொக்கப்பா. ஆனால் ஒருத்திக்குத் திறந்தால் ஊருக்கே திறக்க வேண்டும். பழையபடி எல்லோரும் காய்ச்சலோடுதான் வந்து நிற்பார்கள்."

பரமானந்தர் எழுந்தார். சபையில் தன்னைவிட ஒரு கோமாளிக்கு அதிகச் செல்லம் என்று அவருக்கு நெடுநாள் வயிற்றெரிச்சல். "மகாராஜா! விகடருக்கு இரக்கம் பொங்கி வழிகிறது. அந்த வாசலுக்கு அவரையே காவலாகப் போடலாமே. தை வரைக்கும் ஒரு பெயர், ஒரே ஒரு பெயர் உள்ளே போனாலும் அவரை நாடு கடத்திவிடலாம். அப்போது தெரியும் சட்டத்தைக் காப்பது எவ்வளவு சிரமம் என்று."

அவருடைய கூட்டாளிகள் கைதட்டினார்கள். மகாராஜாவுக்கும் யோசனை பிடித்துப்போயிற்று. அதுதான் சொன்னேனே, யோசனை என்றால் போதும் அவருக்கு.

சொக்கப்பன் ஒரு கணம் தரையைப் பார்த்தான். பிறகு கைகூப்பினான். "சித்தம், மகாராஜா. ஒரே விண்ணப்பம். சட்டத்தை எழுதி முத்திரை வைத்துக் கொடுங்கள். 'எவராயினும்' என்று ஒரு சொல் இருக்கட்டும். நாளைக்கு யாராவது பெரிய மனிதர்கள் வந்து மிரட்டினால் நான் என்ன செய்வேன்? அரச குடும்பத்தை வேண்டுமானால் விட்டுவிடலாம்..."

"பார்த்தீர்களா, இப்போதே ஓட்டை தேடுகிறார்!" என்று பரமானந்தர் குதித்தார். "அரச குடும்பம் உட்பட என்றே எழுதுங்கள், மகாராஜா! அப்போதுதான் தங்கள் நீதி ஏழு தலைமுறைக்கும் பேசப்படும்."

ஏழு தலைமுறை என்றதும் மகாராஜா குளிர்ந்துபோய் முத்திரையை அழுத்தினார்.

மறுநாள் வாசலில் சொக்கப்பனைப் பார்த்ததும் செவந்திக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏண்ணே, கதவத் திறந்து விடுவீகன்னு வந்தா, நீங்களே குறுக்க உக்காந்திருக்கீக?"

"திட்டு தாயி, நல்லாத் திட்டு. ஆனா தினமும் வா. ஆவணிப் பௌர்ணமி வரைக்கும் பொறுத்துக்க."

"பௌர்ணமிக்கு என்ன?"

"வெளிய சொன்னா நடக்காது. என்னைய நம்பு."

அவள் நம்பினாளோ இல்லையோ, தினமும் வந்தாள். கொட்டாரத்து வீட்டை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆற்றுக்கு அந்தப்பக்கம் சித்தி வீட்டிலிருந்து நடந்து வந்தாள். ஆடிக் காற்று மண்ணை வாரி அடித்தது. வாசலுக்கு எதிரே புங்கமரத்தடியில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வைத்தியர்களும் எழுத்தர்களும் போகும்போதும் வரும்போதும் அவளைப் பார்த்தே ஆக வேண்டும். "வீட்ல படுத்துக் கிடந்தா என்னைய மறந்துருவாக" என்பாள். சொக்கப்பனின் மனைவி இரண்டு பேருக்கும் சேர்த்துக் கஞ்சி கொண்டுவருவாள்.

பரமானந்தர் சும்மா இருப்பாரா? தன் மைத்துனனை வயிற்றைப் பிடித்துக்கொண்டு புரளச் சொல்லி வாசலுக்கு அனுப்பினார்.

"ஐயோ, உயிர் போகிறது! என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்!"

"தை மாதத்தில் எங்கே இருந்தீர்?" என்றான் சொக்கப்பன்.

"இதே ஊரில்தான்."

"ஏன் வந்து எழுதவில்லை?"

"அப்போது உடம்பு நன்றாக இருந்ததே!"

"இப்போதும் அதே உடம்புதான். போய் மைத்துனர் வீட்டில் ஒரு பிடி பிடியும், சரியாகிவிடும்." மைத்துனன் புழுதியைத் தட்டிக்கொண்டு நேராக நடந்து போனான்.

வெளியே அப்படிச் சிரித்துப் பேசினாலும் சொக்கப்பனுக்கு உள்ளுக்குள் உதறல்தான். ஆவணி பிறந்தது. செவந்தியின் கால்கள் வீங்கிப் பளபளத்தன. பௌர்ணமிக்கு முன்னால் வலி கண்டுவிட்டால் என்ன செய்வது? கதவைத் திறந்துவிட்டு நாட்டைவிட்டே போய்விடுவது என்று முடிவு செய்து, மனைவியிடமும் சொல்லி வைத்தான். "துணிமணியைக் கட்டி வெச்சிருக்கேன்" என்றாள் அவள்.

முன்பே நாள் குறித்திருந்தபடி, ஆவணி வளர்பிறை தசமியில் இளவரசி பவளவல்லிக்கும் தளபதி மகனுக்கும் கல்யாணம். அங்கே இன்னொரு வழக்கம் உண்டு. தாலி ஏறுகிற அதே வேளையில் பெண்ணின் பெயரைப் பிறந்த வீட்டு ஏட்டிலிருந்து சுரண்டி எடுத்துவிட வேண்டும். பரமானந்தர் தங்கத் தட்டில் மகாராஜாவின் ஏட்டை வைத்து, வெள்ளிக் கத்தியால் இளவரசியின் பெயரைத் துளி விடாமல் சுரண்டினார். சங்கு முழங்கியது, மகாராஜா ஆனந்தக் கண்ணீரோடு அட்சதை போட்டார். புகுந்த வீட்டு ஏட்டில் எப்போது எழுதுவது? தையில்தான். வாசல்தான் சாத்தியிருக்கிறதே! அது அங்கே ஒருத்தர் மண்டையிலும் உறைக்கவில்லை. காவலில் இருந்தபடி சங்கொலி கேட்ட சொக்கப்பன் மட்டும் விரல் விட்டு எண்ணினான். பௌர்ணமிக்கு ஐந்து நாள்.

பவளவல்லிக்குச் சிறு வயதிலிருந்தே பௌர்ணமிதோறும் ஒற்றைத் தலைவலி வரும். வைத்தியசாலைத் தைலம் போட்டால்தான் இறங்கும். அரண்மனையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது. அன்றைக்கும் காலையிலேயே பிடித்துக்கொண்டது. ராஜவைத்தியர் தைலத்தை எடுக்கும் முன், முறைப்படி ஏட்டைப் பார்க்க வாசலுக்கு வந்தார். சொக்கப்பன் மகாராஜா ஏடு, மாப்பிள்ளை ஏடு இரண்டையும் எடுத்துப் புரட்டினான்.

"இளவரசி பெயர் இல்லை, வைத்தியரே."

வைத்தியர் அரண்மனைக்கு ஓட்டம் பிடித்தார். அரை நாழிகைக்குள் மகாராஜாவே வந்துவிட்டார். பின்னால் பரமானந்தர். அதற்கும் பின்னால், நெற்றியில் துணி கட்டிய இளவரசி பல்லக்கில்.

"சொக்கப்பா! கதவைத் திற!"

சொக்கப்பன் எழுந்து நின்று முத்திரை ஓலையை நீட்டினான். "எவராயினும், அரச குடும்பம் உட்பட. தங்கள் முத்திரை, மகாராஜா. மீறினால் எனக்கு நாடு கடத்தல்."

"என் மகள் பெயர் என் ஏட்டில் இருக்கிறதடா!"

"ஐந்து நாளைக்கு முன்புவரை இருந்தது. பரமானந்தர் சுரண்டினார், தாங்கள் அட்சதை போட்டீர்கள். மாப்பிள்ளை ஏட்டில் தையில்தான் எழுத முடியும்."

மகாராஜா பரமானந்தரைப் பார்த்தார். பரமானந்தர் வானத்தைப் பார்த்தார்.

"அப்படியென்றால் என் மகள் இப்போது எங்கேதான் இருக்கிறாள்?"

"இரண்டு ஏடுகளுக்கு நடுவே, மகாராஜா. அங்கே ஏற்கெனவே ஒருத்தி நாற்பது நாளாக உட்கார்ந்திருக்கிறாள்." சொக்கப்பன் புங்கமரத்தடியைக் காட்டினான். "இளவரசிக்கும் கொஞ்சம் இடம் கொடுப்பாள், நல்லவள்தான்."

"இளவரசிக்கு மட்டும் விலக்கு அளித்துவிடலாம்!" என்று பரமானந்தர் அவசரமாகச் சொன்னார்.

பல்லக்குத் திரை விலகியது. பவளவல்லி செவந்தியையே பார்த்தாள். "உனக்கு எத்தனை மாதம்?"

"ஒம்பது முடியப் போகுதுங்க, தாயே."

"ஏன் பெயர் எழுதவில்லை?"

"எழுதினேங்க. எம் புருசனோட சேத்து ஆத்துல விட்டுட்டாக."

பவளவல்லி தலையைப் பிடித்துக்கொண்டே தகப்பனாரிடம் திரும்பினாள். "அப்பா, தலைவலியால் நான் சாகப் போவதில்லை. அவளுக்குத் திறக்காத கதவு எனக்கும் வேண்டாம். பல்லக்கைத் திருப்புங்கள்."

மகாராஜா தணிந்த குரலில் கேட்டார்: "திறந்தால் சோம்பேறிகள் நுழைவார்களே, சொக்கப்பா?"

"தையில் வீட்டில் படுத்திருந்தவன் வேறு, மகாராஜா. வந்து எழுதிவிட்டு, பிறகு வாழ்க்கை பிடித்துத் தள்ளியதில் கீழே விழுந்தவள் வேறு. தாலி ஏறினாலும், தாலி இறங்கினாலும், பிள்ளை பிறந்தாலும், வேலை போனாலும், ஊர் மாறி வந்தாலும், அன்று முதல் அறுபது நாள் வாசல் அவர்களுக்குத் திறந்திருக்கட்டும். மற்றவர்களுக்குத் தைதான்."

"அறுபது எதற்கு? முப்பது நாள் தாராளம்!" என்றார் பரமானந்தர்.

"வீரணன் இறந்து இன்று ஐம்பத்தெட்டாவது நாள், மகாராஜா. அது பரமானந்தருக்கும் தெரியும்."

மகாராஜா பரமானந்தரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தன் முத்திரை, தன் சட்டம், தன் மகள், தானே வாசலில் வெயிலில் நிற்கிறோம் என்று நினைக்க நினைக்க அடக்க முடியாமல் சிரித்தார். "அறுபது! எழுது!" என்றார். கழுத்திலிருந்த முத்து மாலையைக் கழற்றிச் சொக்கப்பனுக்குப் போட்டார். "காவல் போதும், சபைக்கு வந்து சேர். இனி இந்த வாசலில் பரமானந்தர் உட்காரட்டும், தம் கையாலேயே எழுதட்டும்."

பவளவல்லி பல்லக்கிலிருந்து இறங்கவில்லை. "அவள் முதலில்" என்றாள்.

பரமானந்தர் எழுத்தாணியை எடுத்தார். "யார் ஏட்டில் எழுதுவது? தகப்பன் உண்டா? அண்ணன் தம்பி?"

"யாருமில்ல. என் பேர்லயே எழுதுங்க."

"தலைவன் இல்லாமல் ஏடா? வழக்கமே இல்லையே!"

"வழக்கப்படிதான என்னைய ஆத்துல விட்டீக?" செவந்தி சுவரைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். "தலையில என் பேர எழுதுங்க. கீழ இடம் விடுங்க."

மகாராஜா தலையசைத்தார். பரமானந்தர் எழுதினார்.

வைத்தியசாலைப் பெரியம்மா மூன்று நாள் எண்ணெய் தடவி நீவிப் பிள்ளையைத் திருப்பினாள். நான்காம் நாள் காலை, வெளியே நின்றுகொண்டிருந்த சொக்கப்பன் காதில் அழுகை விழுந்தது. நல்ல கணீரென்ற அழுகை. ஊரைச் சிரிக்க வைக்கிறவன் தூணில் சாய்ந்து அழுதான், வெட்கமே படவில்லை.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து செவந்தியின் குரல் கேட்டது. "அண்ணே, ஏட்டுக்காரரக் கூப்பிடுங்க."

"அறுபது நாள் இருக்கு தாயி. மொதல்ல தூங்கு."

"இன்னிக்கே எழுதணும்."

பரமானந்தர் ஏட்டோடு வந்து நின்றார். "குழந்தைக்கு இன்னும் பெயரே வைக்கவில்லையே, என்னவென்று எழுதுவது?"

"செவந்தி மகன்னு எழுதுங்க. பேர நான் நிதானமா வச்சுக்கிறேன்."