ஊரே கை தூக்கியது

பூமிநாதனுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. இரண்டு விசைப்படகுக்குச் சொந்தக்காரர், சம்மாட்டி. அவருடைய குரு தவமணியம்மைக்கு அவரைவிட வயது குறைவு. கடற்கரை மடத்தில் தனியே இருந்தார்.

ஒரு காலையில் பூமிநாதன் வேகமாக மடத்துக்குள் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"அம்மா, கூட்டம் நல்லபடியா முடிஞ்சுது. கரையோரப் பாரை, அந்தக் கடலடிப் பாறையை மூடிறலாம்னு ஊரே கை தூக்கிருச்சு. இனி அங்க யாரும் மீன் பிடிக்கக் கூடாது, கடல்பாசி எடுக்கக் கூடாது. மீனு குஞ்சு பொரிச்சுப் பெருகட்டும்."

"எல்லாருமா தூக்கினாங்க?"

"பாசி எடுக்குற நம்புத்தாய் மட்டும் தூக்கலை. அவ மனசை எப்படி மாத்துறதுன்னு நீங்கதான் சொல்லணும்."

"இன்னைக்கு மத்தியானம் அவ வீட்டுல சாப்பிடுங்க" என்றார் அம்மை.

பூமிநாதன் போனார். நம்புத்தாய் அப்போதுதான் பாசி மூட்டையோடு கரையேறி வந்திருந்தாள். ஈரச் சேலையோடு கஞ்சி ஊற்றி, சுட்ட கருவாடு வைத்தாள். விரல்களில் கிழிந்த துணி சுற்றியிருந்தது. பாறை கீறிய தழும்புகள் முழங்கை வரை ஓடின.

"ஏந் தாயி கை தூக்கலை?"

"பாரு நல்லாருக்கணும்னு எனக்கு மட்டும் ஆசையில்லையா சம்மாட்டி? மூடிட்டா நான் எங்க போக? ஒங்க படகு பாருக்கு அங்கிட்டு இழுவலை போட்டுத் தரையோட வாரிட்டு வருது. அதையும் மூடணும்னு ஒருத்தரும் சொல்லலியே."

பூமிநாதன் கை கழுவி எழுந்தார். நேரே குருவிடம் திரும்பி வந்தார்.

"அவ சொல்றதும் நியாயமாத்தான் இருக்கு. அப்போ பாரை அப்படியே விட்டுறலாமா?"

"நீங்களும் கை தூக்கினீங்கள்ல?"

"ஆமா."

"எதைக் கீழ வச்சுட்டுத் தூக்கினீங்க?"

பூமிநாதன் எழுந்து வெளியே போனார். சில நாட்கள் மடத்துப் பக்கமே அவரைக் காணோம்.

அடுத்த கூட்டத்தில் அவர்தான் முதலில் எழுந்தார்.

"மூடுற எல்லையைக் கடல் பக்கம் இன்னும் தள்ளி வைப்போம். என் படகு இழுக்குற இடமும் உள்ள வரட்டும். பாசி எடுக்குறவுகளுக்கு மாசத்துல பாதி நாளு விடுவோம். சம்மதமுள்ளவுக கை தூக்குங்க."

ஒரே சலசலப்பு. அவருடைய மைத்துனரே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். நம்புத்தாய் கை தூக்கினாள். அவளோடு பாசிக்குப் போகும் பெண்கள் சிலர் தூக்கினார்கள். ஒரு சம்மாட்டி தயங்கித் தயங்கித் தூக்கினார். மற்றவர்கள் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தீர்மானம் தோற்றது. ஆனாலும் மறுநாள் பூமிநாதனின் படகுகள் அந்த இடத்தில் வலை இறக்காமல், டீசலைக் கூடுதலாக எரித்துக்கொண்டு தெற்கே சுற்றிப் போயின.

மடத்துக்கு வந்தவர் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அன்னைக்கு ஊரே எங்கூட நின்னுச்சும்மா. இன்னைக்கு விரல் விட்டு எண்ணிறலாம். இருந்த ஆதரவும் போச்சு."

"போகலை" என்றார் அம்மை. "இன்னைக்குத்தான் வர ஆரம்பிச்சிருக்கு."