சங்குப் பெட்டிக்குள் யார்?

எங்கள் மடம் கடலோரத்தில் இருக்கிறது. புயல் வந்தால் படகுக்காரர்களுக்குச் சங்கு ஊதுவது மடத்தின் பொறுப்பு. பூஜை ஒருநாள் தப்பினால் அம்மா ஒன்றும் சொல்லமாட்டார். சங்கில் தப்பு நடந்தால் அன்றைக்கு யாருக்கும் சோறு இறங்காது.

அம்மா என்றால் மரகதம்மாள், எங்கள் குரு. வயது நாற்பதுகூட ஆகவில்லை. முன்னால் கப்பலில் வயர்லெஸ் பார்த்தவர். சீடர் தெய்வசிகாமணி அறுபதை நெருங்குகிறவர். ஜவுளிக்கடை முதலாளி. போன வருஷம் ஒரு மத்தியானம் கடையிலிருந்து நேராக பஸ் ஏறி இங்கே வந்துவிட்டார். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மகாராஜன்!

மடத்தில் போன் எடுப்பது நான். வெள்ளிக்கிழமை தோறும் அவர் மனைவி வேதவல்லி கூப்பிடுவார். அழமாட்டார், ஏசமாட்டார். ஒன்றே ஒன்றுதான் கேட்பார்.

"ராத்திரி கதவைத் தாழ் போடலாமா, வேண்டாமா? அவர்கிட்ட கேட்டுச் சொல்லுங்களேன்."

நான் போய்ச் சொல்வேன். "எல்லாத்தையும் விட்டாச்சு. அந்தக் கதவுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?" என்பார் சிகாமணி. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அடுத்த வெள்ளிக்கிழமை அந்த அம்மாளுக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நானல்லவா?

ஒருநாள் காலையில் அவர் குருவின் முன்னால் போய் நின்றார்.

"அம்மா, எனக்கு எப்போ காவி?"

"எல்லாம் விட்டாச்சா?"

"விட்டாச்சும்மா."

"நேத்து சங்குப் பெட்டியைப் பார்த்தது யாரு?"

"நான்தான். எல்லாம் சரியா இருக்கு."

"வாங்க ஐயா, ஒரு நடை போயிட்டு வரலாம்."

லேப்டாப்பை என் தலையில் கட்டினார்கள். மூவரும் நடந்தோம்.

சங்குப் பெட்டி மணல்மேட்டில் இருக்கிறது. காலைச் சுடுகிற மணல். பெட்டிக்குள் சங்கை ஊதவைக்கிற ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். அதற்குத் திரை கிடையாது, கீபோர்டு கிடையாது, இன்டர்நெட்டும் கிடையாது. எங்கேயோ உட்கார்ந்துகொண்டு அதைக் கூப்பிட முடியாது. நேரில் போய் லேப்டாப்பிலிருந்து சீரியல் கேபிளைச் செருக வேண்டும். மினிகாம் என்று ஒரு புரோகிராம், அதைத் திறந்தால் வெறும் கருப்புத் திரை வரும். அதில் எழுத்தடித்துத்தான் பெட்டியோடு பேச வேண்டும். முதலில் பேர் கேட்கும், அப்புறம் பாஸ்வேர்டு கேட்கும். பெட்டிக்குள் நுழைய மடத்தில் ஆளுக்கொரு பேர் உண்டு.

அம்மா கேபிளைச் செருகி மினிகாமைத் திறந்தார். என்டர் தட்டினார்.

பெட்டி பேர் கேட்கவில்லை. சொல்லுங்கள், செய்கிறேன் என்று கட்டளைக்குக் காத்துக்கொண்டிருந்தது.

"என்னம்மா, பேரே கேக்கலை?" என்றேன்.

அம்மா லேப்டாப்பைச் சிகாமணி பக்கம் திருப்பினார். "உள்ளே யார் இருக்காங்கன்னு கேளுங்க ஐயா."

அவர் கட்டளையை அடித்தார். திரையில் ஒரே ஒரு வரி வந்தது. சிகாமணி, நேற்றுக் காலையிலிருந்து.

"அதெப்படி? நான் நேத்தே கிளம்பிட்டேனே! மினிகாமை மூடினேன், கேபிளைப் பிடுங்கினேன், மடத்துக்கு வந்துட்டேன்."

"பெட்டிகிட்ட சொன்னீங்களா?"

"என்னன்னு?"

"கிளம்பறேன்னு."

சிகாமணி விழித்தார். "கேபிளைப் பிடுங்கினா அதுக்குத் தெரியாதா?"

"இந்தக் கேபிள்ல இருக்கறது மூணே கம்பி ஐயா. பேச ஒண்ணு, கேக்க ஒண்ணு, எர்த் ஒண்ணு. நீங்க போயிட்டீங்களா, இல்ல பேசாம உட்கார்ந்திருக்கீங்களான்னு அது எப்படிக் கண்டுபிடிக்கும்?"

"அப்போ நடுவுல எவனாவது வந்து கேபிளைச் செருகியிருந்தா?"

"நீங்கன்னு நினைச்சிருக்கும். சங்கை நிறுத்துன்னா நிறுத்தியிருக்கும்."

கடலில் படகுகள் நின்றன. சிகாமணி அவற்றைப் பார்த்தார். அவர் முகம் செத்துவிட்டது. சும்மா சொல்லக்கூடாது, அந்த நேரத்தில் எனக்கே பாவமாக இருந்தது.

அவர் குனிந்து, விடைபெறுகிற கட்டளையை அடித்தார். திரை ஒருமுறை உருண்டது. பெட்டி புதிதாகப் பேர் கேட்டது.

அம்மா கேபிளைப் பிடுங்கிச் சுருட்டினார். திரும்பி நடந்தோம். பாதி வழியில் சிகாமணி நின்றுவிட்டார்.

"இன்னைக்கு வெள்ளிக்கிழமை," என்றார்.

"ஆமா," என்றார் அம்மா.

"போன் வரும். இன்னைக்கு நானே எடுத்துப் பேசிடறேன். தாழ் போட்டுக்கன்னு சொல்லிடறேன்."

"பெட்டியை மடத்துல இருந்தே மூடியிருக்கலாமே. எதுக்கு ஐயா இந்த வெயில்ல இவ்வளவு தூரம் நடந்தோம்?" என்றார் அம்மா.

கால் சுடுகிறதென்று நான் இடம் மாற்றி மாற்றி நின்றேன். சிகாமணிக்குச் சூடு தெரிந்ததாகவே காணோம்.

"நேர்ல போகப் பயமா இருக்கும்மா," என்றார் கடைசியில். "நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிடுவேன். அவ பதிலுக்கு ஏதாவது சொல்லிட்டா?"

அம்மா சுருட்டிய கேபிளை அவர் கையில் வைத்தார்.

"கேக்கறதுக்கும் ஒரு கம்பி இருக்கே ஐயா."