ஆளுக்குப் பதில் பணம்

செங்கமல பூபதி என்ற ராஜாவுக்கு எதையும் விலை போட்டுச் சொன்னால்தான் புரியும். அதைத் தெரிந்துகொண்டே தனுக்கோடிராயர் மந்திரியானார். வந்த வேகத்தில், ராஜாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த விகடகவி உலகப்பனைத் தூணோரம் தள்ளினார். உலகப்பன் அதை மறக்கவில்லை. மறக்கிற ஆளும் இல்லை.

அந்த ஊரில் ஒரு வழக்கம். ஏரிக்கரைக்குத் தமுக்கு அடித்தால் வீட்டுக்கு ஒருவர் மண்வெட்டியோடு போக வேண்டும். போகாதவன் தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. ராயர் புதுச் சட்டம் போட்டார்: "வராதவர் ஒரு பணம் கட்டினால் போதும்."

ஐப்பசி மழையில் கரை கசிந்தது. தமுக்கு அடித்தார்கள். பணம் வந்தது, ஆள் வரவில்லை. முன்பு வெட்கப்பட்டவனெல்லாம் காலை நீட்டிக்கொண்டு, "அதுதான் கட்டியாச்சே!" என்றான்.

கரைக்குக் கீழேதான் உலகப்பனின் வீடு. கூடவே நூறு வீடுகள். சபைக்கு ஓடினான்.

"மகாராஜா, இன்னொரு மழைக்குக் கரை தாங்காது!"

"அந்தப் பணத்துக்குக் கூலியாள் பிடியும் ஓய்!" என்றார் ராயர்.

"நடவு நேரத்தில் எவன் வருவான்?"

"கூலியைக் கூட்டிக் கொடும், வருவான்."

ராஜாவும் தலையாட்டினார்.

மறுநாள் ராஜாவுக்குப் பிறந்தநாள் ஊர்வலம். விடிந்ததும் உலகப்பன் தமுக்கு அடிக்க வைத்தான்: "ஊர்வலத்துக்கு வராதவர் ஒரு பணம் கட்டினால் போதும்!"

யானைமேல் ராஜா வந்தார். தெருவில் ஒரு நாய் மட்டும் நின்றது. முச்சந்தியில் உலகப்பன், காலடியில் ஒரு பெட்டி.

"என் ஜனங்கள் எங்கேயடா?"

"வந்தாச்சு மகாராஜா. எல்லாரும் பெட்டிக்குள் இருக்கிறார்கள்." தூக்கிக் குலுக்கினான். "கேட்கிறதா? வாழ்க, வாழ்க என்கிறார்கள்."

ராயர் பதறினார். "மகாராஜா, அந்தப் பணத்துக்கே வாழ்க சொல்ல ஆள் பிடித்துவிடலாம்!"

"கூலிக்கா? எனக்கா?" ராஜாவின் முகம் சுருங்கியது. பெட்டியைப் பார்த்தார். ராயரைப் பார்த்தார். பிறகு யானையே குலுங்கும்படி சிரித்தார்.

"சட்டம் ஒழிந்தது! ஏரிக்குத் தமுக்கு அடியுங்கள். வீட்டுக்கு ஒருவர், அரண்மனையிலிருந்தும் ஒருவர். உலகப்பா, உனக்கு என்ன வேண்டும்?"

"அரண்மனை ஆளை நான் பொறுக்கிக்கொள்கிறேன் மகாராஜா."

மாலைக்குள் கசிவு அடைபட்டது. மண்ணை வெட்டிப் போட்டவன் உலகப்பன். ராயரின் கூடையில் மட்டும் ஒவ்வொரு நடைக்கும் இரண்டு வெட்டு மண் அதிகமாகவே விழுந்தது.