ஒரு நெஞ்சு, இரண்டு காகிதம்

விடையைக் கையில் வைத்துக்கொண்டு கதை கேட்க வருபவர்கள் சற்றுத் தள்ளி உட்காரலாம். மற்றவர்கள் கவனமாகக் கேட்கட்டும்.

மாநில ஹாக்கி அணிக்குப் பெண்களைத் தேர்ந்தெடுக்க கோவில்பட்டியில் ஒரு முகாம் நடந்தது. நாற்பது பேர் வந்திருந்தார்கள். அவர்களில் முத்துப்பேச்சியும் ஜெபக்கனியும் ஒரே தெருக்காரிகள், எட்டு வருடமாக ஒன்றாக ஆடுகிறவர்கள். அவர்கள் தெரு அணியில் ஒரு வழக்கம் உண்டு. சாமி மேல் செய்த சத்தியத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஹாக்கி மட்டைமேல் கைவைத்துச் சொன்னதை மட்டும் மீறக் கூடாது. மீறியவளுக்கு அதன்பின் ஒருத்தியும் பந்து தர மாட்டாள்.

ஆடுமுன் எல்லோருக்கும் ஈசிஜி எடுக்க வேண்டும் என்றது முகாம். முதல் நாளே ஒரு படிவம் கொடுத்தார்கள். 'குடும்பத்தில் இளம் வயதில் திடீரென இறந்தவர் உண்டா?' என்று அதில் ஒரு கேள்வி. பேச்சி 'இல்லை' என்று எழுதினாள். அவளுடைய சித்தப்பா, ஊரறிந்த நீச்சல்காரர், இளவயதிலேயே கிணற்றில் நீந்தும்போது முங்கிச் செத்துப் போனவர். தண்ணீரில் போனவருக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம் என்று விட்டுவிட்டாள்.

ஜெபக்கனி வெகுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு, 'உண்டு. அண்ணன். பத்தொன்பது வயது. மைதானத்தில்' என்று எழுதிக் கொடுத்தாள். எழுதியபின்தான் பயம் பிடித்தது. அண்ணனுக்கு இருந்தது தனக்கும் இருந்துவிட்டால்?

"எனக்குப் பதிலா நீ போய் ஈசிஜிக்குப் படுத்துக்கிடுதியாட்டி?" என்று பேச்சியிடம் கேட்டாள்.

"அதுக்கென்ன. ஆனா யார்ட்டயும் மூச்சு விட மாட்டேன்னு மட்டைமேல சத்தியம் பண்ணு."

ஜெபக்கனி சத்தியம் செய்தாள். காலையில் பேச்சி தன் பெயருக்குப் படுத்தாள். மதியம் நர்ஸ் மாறியதும் தோழி பெயருக்குப் படுத்தாள். எல்லோருக்கும் ஒரே சீருடை, ஒரே ரெட்டைச் சடை. யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

டாக்டரம்மா ரஹ்மத் வேறு அறையில் இருந்து காகிதங்களை மட்டும் பார்த்தார். பேச்சியின் காகிதத்தில் அவசரமாகக் கையெழுத்துப் போட்டார். ஜெபக்கனியின் படிவத்தைப் படித்ததும் நிதானித்தார். அளவுகோல் வைத்து அளந்தார். ஒரு துடிப்புக்குப் பின் அடுத்த துடிப்புக்குத் தயாராக இந்த நெஞ்சு எடுத்துக்கொள்ளும் நேரம் கூடுதலாக இருந்தது. ஓடும்போது நின்றுவிடக்கூடிய நெஞ்சு.

மறுநாள் காலை, கடைசித் தேர்வு ஆட்டத்துக்கு முன் பட்டியல் ஒட்டினார்கள். ஜெபக்கனி ஆடக் கூடாது, பேச்சி ஆடலாம். ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்த பேச்சியிடம் ஜெபக்கனி ஓடினாள்.

"அது உன் காகிதம்ட்டி. நீ எறங்காத."

"எட்டு வருசமா ஓடுதேன், ஒருநாளாவது விழுந்திருக்கேனா? இன்னைக்கு விட்டா எனக்கு இனி ஏது மாநில அணி? நீ சத்தியம் பண்ணிருக்க, மறந்துறாத."

விசில் ஊத இரண்டு நிமிடம் இருந்தது. ஜெபக்கனி டாக்டரிடம் போய், "அது என் நெஞ்சு இல்ல மேடம், பேச்சியோடது" என்றாள். டாக்டர் இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்தார். எழுந்து மைதானத்துக்கு ஓடி, விசில் ஊதுமுன் பேச்சியை வெளியே நிறுத்தினார்.

பேச்சிக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் அதே நோயை உறுதி செய்து மாத்திரை கொடுத்தார்கள். ஆட்டம் முடிந்தது அவளுக்கு. ஆள்மாறாட்டம் செய்ததற்காக ஜெபக்கனிக்கு இரண்டு வருடத் தடை. பிறகு அவள் தானே போய் ஈசிஜிக்குப் படுத்தாள். அவள் நெஞ்சில் ஒரு குறையும் இல்லை.

கண்டுபிடித்த டாக்டர்தான் காப்பாற்றினார் என்றார்கள் சிலர். பேச்சி இரண்டாம் முறை படுத்திராவிட்டால் எதுவுமே தெரிந்திருக்காது, அவள் பொய்தான் அவளைக் காத்தது என்றார்கள் சிலர். சத்தியத்தை மீறிய ஜெபக்கனிதான் என்றார்கள் மிச்சம் பேர். நீங்கள் சொல்லுங்கள்: பேச்சியின் உயிரைக் காத்தது யார்?

விடை: டாக்டர் அல்ல, அதே நெஞ்சுக்கு ஏற்கெனவே 'ஆடலாம்' என்று கையெழுத்துப் போட்டவர் அவர். பேச்சியின் பொய்யும் அல்ல. பொய் மட்டும் நின்றிருந்தால் அவள் மைதானத்தில் இறங்கியிருப்பாள். காத்தவள் ஜெபக்கனி, அதுவும் இரண்டு முறை. சத்தியத்தை மீறியது இரண்டாவது முறை. செத்துப்போன அண்ணனை 'இல்லை' என்று எழுத மனம் வராமல் 'உண்டு' என்று எழுதினாளே, அது முதல் முறை. அந்தச் சொல்தான் டாக்டரின் கையில் அளவுகோலைக் கொடுத்தது. பேச்சி இன்றுவரை அவளோடு பேசுவதில்லை. தெருவில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேகமாக நடக்கிறாள். "மெதுவா நடட்டி" என்று மட்டும் ஜெபக்கனி ஒவ்வொரு முறையும் சொல்கிறாள்.